கடலில் நோயுற்றோர் உரிமை

சங்கரன்கோயில் கடல் காணாத ஊர். கோயிற் புற்றுமண்ணை மருந்தாகக் கருதிப் பிணியாளர் நாடிவரும் தலம். எனினும் என்னிடம் பயின்ற பிள்ளைகளுள் சிலர் தூத்துக்குடி சென்று கப்பற்பணி மேற்கொண்டனர். அவர்தம் பெற்றோர் ஒப்பந்தத் தாளைக் கொணர்ந்தால் ஊதியம் எவ்வளவு என்றே முதலில் கேட்பர். நான் முதலில் தேடுவதோ, கடலில் நோயுற்றால் யாது கிடைக்கும் என்னும் பகுதியை. அப்பகுதிக்கு நெடிய வரலாறு உண்டு.

நிலத்தில் நோயுற்றவனுக்கு மருத்துவர் உண்டு. சான்று கூற அயலாரும் உளர். கடலில் இவ்விரண்டும் அரியன. இதனை முன்னோர் உணர்ந்திருந்தனர். பிரான்சின் மேற்குக் கரையை அடுத்த ஒலெரான் தீவின் பெயரால் வழங்கும் இடைக்காலக் கடற்சட்டம், நோயுற்ற மாலுமியைக் கரையில் இறக்கி, உறைவிடமும் விளக்கும் பணிவிடைக்கு ஓர் ஆளும் தருமாறு விதித்தது. கப்பல் அவனுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் ஊதியம் அவனுக்கு உரியது. அவன் இறப்பின் அவன் மனைவிக்கு உரியது.

நம் நாட்டில் 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், மாலுமிகளுக்கெனத் தனி விதிகளைக் கொண்டிருந்தது. விபத்தும் அதனால் நேர்ந்த இயலாமையும் கப்பலிலேயே நிகழ்ந்தால், மாலுமி தனியே அறிவிப்புக் கொடுக்க வேண்டுவதில்லை. அயல்நாட்டில் நீதிபதியிடமோ தூதரக அலுவலரிடமோ அளித்த வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படலாம். கடலின் தொலைவை அறிந்து செய்த ஏற்பாடுகள் இவை.

ஆயினும் அச்சட்டத்தின் அடிப்படை விபத்தேயாகும். ஈய நஞ்சு போன்ற சில தொழில்நோய்களே அதன் பட்டியலில் இடம்பெற்றன. வடம் அறுந்து கை முறிந்தால் ஐயமில்லை. இயந்திர அறையின் வெம்மையில் உழைத்தவனுக்கு நெஞ்சுநோய் கண்டாலோ, அது பணியால் வந்ததா, முன்னரே உடலில் இருந்ததா என்னும் வழக்கு எழும். மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தோளில் விழும்.

1936-இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு இச்சுமையை ஒருவாறு குறைத்தது. பணிக்காலத்துள் நோய் கண்டால், பணியே காரணமென்று நிறுவாமலே, மருத்துவச் செலவைக் கப்பலுடையார் ஏற்க வேண்டும் என்பது அதன் நெறி. நாட்டுச் சட்டங்கள் இப்பொறுப்புக்குக் கால எல்லை வகுக்கலாம். ஆனால் அது 16 வாரங்களுக்குக் குறைதல் ஆகாது. ஒப்பந்தத்தின்போது நோயை வேண்டுமென்றே மறைத்தவனுக்கு நாட்டுச் சட்டம் இவ்வுரிமையை மறுக்கலாம். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இந்நெறிகளைத் தன்னுள் கொண்டது. இந்தியா 2015-இல் அதனை ஏற்றது. இறப்புக்கும் நெடுங்கால இயலாமைக்கும் உரிய ஈட்டுக்கு நிதிப் பொறுப்புறுதி வேண்டுமென்றும், அதன் சான்றிதழைக் கப்பலில் யாவரும் காணுமிடத்தில் வைக்க வேண்டுமென்றும் கூறும் திருத்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். மருத்துவச் செலவு வேறு. நிலைத்த இயலாமைக்குரிய ஈடு வேறு. பின்னதன் அளவு, நாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. பிலிப்பைன்ஸ் அரசின் 2010-ஆம் ஆண்டு ஒப்பந்த விதி, நோயால் நாடு திரும்பியவர் 3 வேலைநாட்களுக்குள் நிறுவன மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தது. தவறினால் உரிமை போம். நாட்கணக்கு அறியாதவன், நியாயம் தன்பால் இருந்தும் இழப்பான்.

ஆதலின் கப்பலேறும் இளைஞர்க்கு நான் கூறுவது இதுவே: இருக்கும் நோயை மறையாதீர், புதிதாய் வந்த நோயை உடனே கப்பல் தலைவரிடம் சொல்லி எழுத்தில் பதியச் செய்வீர், மருத்துவச் சான்றின் படியொன்றை நும்மிடம் வைத்துக்கொள்வீர். நூற்றாண்டுகள் முயன்று பெற்ற உரிமை, எழுதப்படாத ஒரு வரியால் இழக்கப்படுதல் தகாது.