பொலிசையும் வைப்பு வட்டியும்

தென்னார்க்காட்டு ஆட்சியரின் இருக்கையாய் விளங்கிய மஞ்சக்குப்பத்தில், கூட்டுறவு வங்கிப் பலகையில் எழுதப்பெறும் குறித்தகால வைப்பு வட்டியைக் காணுந்தோறும் சோழர் காலப் பொலிசை நம் நினைவுக்கு வருகின்றது. இரண்டும் ஒரே மரபின என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாம் இராசராசன் (985–1014) காலத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், கோயிலுக்களித்த காசுகள் ஊர்ச்சபைகளிடமும் வணிகரிடமும் ஒப்படைக்கப்பெற்றமையைக் கூறுகின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுப் பொலிசை அரைக்கால் காசு. அஃதாவது நூற்றுக்கு 12½. சில முதல்களுக்குப் பொலிசை நெல்லாகப் பெறப்பட்டது, காசுக்கு முக்குறுணி. அக்கல்வெட்டுக்களின்படி ஒரு காசுக்கு 2 கலம் நெல். கலம் ஒன்றுக்கு 12 குறுணி. ஆகவே 24 குறுணிக்கு 3 குறுணி. இதுவும் எட்டில் ஒன்றே. கணக்கு ஒன்றாயினும் பயன் ஒன்றன்று. நெல்விலை ஏறுங்கால் நெற்பொலிசை பெறும் கோயில் இழப்பெய்தாது. காசுப்பொலிசையால் வாங்கும் நெல்லோ குறையும். இன்று ஐந்தாண்டு வைப்பிட்டு வட்டியை நம்பி வாழும் முதியவர் இப்பின்னைய நிலையினரே. களத்தில் தூற்றிய நெற்குவியலை உழவர் பொலி என்பர்; பொலிசையும் பொலிதல் என்னும் வினையடியிற் பிறந்த சொல்லே.

எனினும் மரபு ஒன்றெனக் கொள்ளுதற்கில்லை. கோயில் முதல் மீளப் பெறுதற்குரியதன்று. ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நிற்பது. வங்கி வைப்போ தவணை முடிவில் வைத்தவர்க்கே திரும்புவது. மேலும், இற்றைக் கூட்டுறவின் ஊற்று செருமானிய நாட்டு இரைபைசன் கண்ட முறையாகும். அதனை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்கு 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். 1904இல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திரூரிற் கிராமச் சங்கமும் காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் தோன்றின.

முதலுக்குக் காவல் யாது? அன்று, பெற்ற காசும் தரவேண்டிய பொலிசையும் ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டன. இன்று வைப்புக் காப்பீடு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இக்காப்பினைக் கூட்டுறவு வங்கிகட்கு விரிக்க 1968ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 2020 முதல், வங்கி ஒன்றில் ஒருவர்க்கு, முதலும் வட்டியும் உட்பட, 5 இலட்சம் ரூபாய் வரை காப்புண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இடும் வைப்புக்கு இஃது இல்லை. வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.