சட்டத்தின் வாயிலும் நம் பெண்மக்களும்

வழக்குரைஞர் தொழில் ஒரு காலத்தில் பெண்களுக்கு அடைக்கப்பட்ட கோட்டையாக இருந்தது. சட்டம் பயின்ற ரெஜினா குஹா பதிவு கோரியபோது, பெண் என்ற காரணத்தால் 1916ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் மறுத்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையை நீக்கியது. சென்னையில் 1929இல் ஆனந்தபாய் முதல் பெண் வழக்குரைஞராகப் பதிவு பெற்றார்.

அதே 1923இல்தான் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். சன்னத்துக்குரிய பணமும் அவரிடம் இல்லை. நண்பர் நாவல் பதேனாவே உதவினார்.

வணிகப் போட்டிச் சட்டம் குறித்து ஆராய 1999இல் அமைந்த இராகவன் குழுவில் வழக்குரைஞர் பல்லவி ஷ்ராஃப் அம்மையார் உறுப்பினராக அமர்ந்தார். அதன் வழியே 2002இல் போட்டிச் சட்டம் பிறந்தது. விற்போர் கூடிப் பேசி விலையேற்றுவதையும், பெருநிறுவனம் தன் வலிமையால் சிறியோரை நசுக்குவதையும் அது தடுக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கும் அது அரணே. அவ்வம்மையாரின் தந்தையார் இந்தியத் தலைமை நீதிபதியாக விளங்கிய பி.என்.பகவதி. திறமை அவருடையதே, எனினும் சட்டம் அறிந்த இல்லம் பெருந்துணை என்பதை மறுப்பார் யார்?

சேக்காட்டு நம் மகளுக்கு அத்தகைய இல்லம் இல்லை. பட்டம் பெற்றபின் எம்மூத்தவரிடம் தொழில் பயில்வது, வழக்குக் கட்டினை எங்ஙனம் ஆராய்வது எனச் சொல்வாரில்லை. வருவாயற்ற தொடக்க ஆண்டுகளில் தாங்குவாருமில்லை. வாயில் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே அழைத்து அமர்த்துவோரும் வேண்டும். கால் நூற்றாண்டு கல்விக்குத் துணைநின்ற நம் சங்கம், இனி அவ்வாண்டுகளுக்கும் உதவித்தொகை வகுத்தல் வேண்டும். உயர்ந்துவிட்ட நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு மகளுக்கேனும் வழிகாட்டுவாராக. பதேனா அன்று செய்ததை நமக்கு நாமே செய்வோம்.