பூட்டு இல்லாத கத்தி

ஒசாகாவில் வேலை பார்க்கும் மகன் இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு சின்ன அட்டைப் பெட்டியை என் கையில் வைத்தான். "கையால அடிச்சதுப்பா. உங்களுக்குப் பிடிக்கும்னு தோணுச்சு" என்றான். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. பித்தளைத் தகட்டை மடித்துச் செய்த பிடி, அதில் அச்சடித்த ஜப்பானிய எழுத்துக்கள், ஒரே ஒரு ரிவெட், ஒரு அலகு. அவ்வளவுதான். ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை, பூட்டும் இல்லை.

டூல்ரூமில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். எந்தக் கருவி கைக்கு வந்தாலும் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது வழக்கம். மூடி வைத்தபோது அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று பார்த்தேன். நடுவில்தான் நின்றது. திறந்து பக்கவாட்டில் ஆட்டினேன். மயிரிழை ஆட்டம் இருந்தது. வெட்டும் வாயின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே அகலமாக இல்லை. மெஷினில் வந்திருந்தால் அந்த வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் பென்சிலில் வைத்து இழுத்தபோது மரம் சுருள் சுருளாக வந்தது. சரி, நீ வேலைக்கு ஆவாய் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதன் பெயர் ஹிகோனோகாமி. 'ஹிகோ நாட்டு அதிபதி' என்று பொருள். ஹிகோ என்பது இன்றைய குமமோட்டோ பகுதியின் பழைய பெயர். ஆனால் கத்தி பிறந்தது அங்கே அல்ல, கோபே நகருக்குப் பக்கத்தில் ஹியோகோ மாநிலத்தில் இருக்கும் மிகி என்ற ஊரில். தெற்கே ஹிகோ பக்கம் நன்றாக விற்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். பத்து ரூபாய்ச் சாமானுக்கு மகாராஜா பெயர் வைக்கும் பழக்கம் நம் ஊர் வியாபாரிகளுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

மிகி எப்படிக் கொல்லர் ஊரானது என்பதே ஒரு கதை. 1578 முதல் 1580 வரை ஹிதேயோஷியின் படை அந்த ஊர்க் கோட்டையை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டே வீழ்த்தியது. பாழான ஊரில் மறுபடி ஜனங்களைக் குடியேற்ற அவரே வரிச்சலுகை கொடுத்தார். வீடு கட்டத் தச்சர்கள் வந்தார்கள். தச்சர்களுக்கு உளியும் ரம்பமும் இழைப்புளியும் செய்யக் கொல்லர்கள் வந்தார்கள். தச்சுக் கருவிகளுக்கு இன்றும் அந்த ஊர் பேர் போனது.

1876-ல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. வாளைப் பெருமையாக இடுப்பில் செருகி நடந்த காலம் முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், 1890-களின் நடுவில், மிகியில் இந்த மடக்குக் கத்தி உருவானது. வாள் தரிக்க ஒரு வகுப்பாருக்குத்தான் உரிமை இருந்தது. இந்தக் கத்தியோ விவசாயி, மூங்கில் வேலைக்காரர், பள்ளிக்கூடப் பையன் என்று எல்லோர் பையிலும் ஏறியது. ஜப்பானில் ஒரு தலைமுறை முழுக்க இதில்தான் பென்சில் சீவியது, பம்பரமும் மூங்கில் தும்பியும் செய்தது. நாங்கள் சவர பிளேடை இரண்டாக ஒடித்து, அந்த அரை பிளேடை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்த மாதிரி.

அலகு செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். கடினமான உருக்கை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பை வைத்துப் பற்றவைத்த பட்டையிலிருந்து இதை அடிக்கிறார்கள். வெட்டும் வாய்க்கு உருக்கின் கடினம், முதுகுக்கு இரும்பின் நெகிழ்வு. உற்றுப் பார்த்தால் இரண்டும் சேரும் இடம் வாய்க்குச் சற்று மேலே மேகம் போல ஒரு கோடாகத் தெரியும். என்னுடையதில் 'நீலக் காகித' உருக்கு. ஆலையில் அந்த உருக்குக்கு ஒட்டும் தாளின் நிறத்தால் வந்த பெயர் அது. கரி அதிகம், கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் உண்டு. கூர் வெகுநாள் நிற்கும். ஆனால் எவர்சில்வர் இல்லை, துரு பிடிக்கும். எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் விட்டேன், அரை மணியில் கறுத்துப் போனது.

அலகின் வாலில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 'சிகிரி' என்று பெயர். மூடியிருக்கும்போது அதை அழுத்தினால் கத்தி திறக்கும். திறந்தபின் அது பிடியின் முதுகில் படுத்துக்கொள்ளும். நாம்தான் பெருவிரலால் அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பூட்டு என்றால் அந்த விரல்தான்.

மற்ற நாட்டுக்காரர்கள் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தார்கள். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890-ல் பிறந்த ஒப்பினெல் கத்திக்கும் முதலில் பூட்டு இல்லை. 1955-ல்தான் கழுத்தில் சுழலும் வளையம் வந்தது. அமெரிக்காவில் 1964-ல் வந்த பக் 110, முதுகுப் பூட்டைப் பிரபலமாக்கியது. 1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற கைவினைஞர், பிடிக்குள் இருக்கும் தகடே வளைந்து வந்து அலகைத் தாங்கும்படி செய்தார். இன்று கைவேலை மடக்குக் கத்திகளில் பல அவர் வழியில் வந்தவை. மிகிக்காரர்கள் மட்டும் விரலையே நம்பி இருந்துவிட்டார்கள்.

முதல் ஒரு மாதம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பார்சல் கயிறு, மாம்பழம், செடிக்குக் குச்சி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஆட்டம் அதிகமானபோது ரிவெட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு, இறுகிவிட்டது. ரிப்பேர் அவ்வளவுதான். ஒருநாள் கூரியர் பெட்டியைப் பிரிக்க அவசரமாக நுனியால் குத்தினேன். பெருவிரல் சிகிரியில் இல்லை. அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. இரண்டு தையல்.

"ஏங்க, இந்த வயசுல இது தேவையா?" என்றாள் மனைவி. மகள் ஒன்றும் பேசாமல் கத்தியைத் துடைத்துப் பீரோ மேல் வைத்தாள். காரணம் எனக்குத் தெரியும். பத்து வயதுப் பேத்தி இரண்டு வாரமாக "தாத்தா, நான் அதுல பென்சில் சீவட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜப்பானிலும் இதுதான் நடந்தது. 1960 அக்டோபர் 12-ஆம் தேதி, டோக்கியோ ஹிபியா மண்டபத்து மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமாவை ஒரு பதினேழு வயதுப் பையன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது பழைய காலக் குறுவாள், மடக்குக் கத்தி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் ஆயுதம் கூடாது என்று நாடு முழுக்க ஓர் இயக்கம் கிளம்பியது. பள்ளிகளில் ஹிகோனோகாமி மறைந்தது. சுழற்றும் ஷார்ப்பனர் வந்தது. மிகியில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமை நாகாவோ குடும்பத்தின் ஒரே பட்டறையிடம்தான் இருக்கிறது. இப்போது அங்கே தகுந்த காரணம் இல்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியை வெளியே எடுத்துப் போவதற்குப் பொதுவாகத் தடை. சிறியதானாலும் மறைத்து வைத்திருந்தால் குற்றம். தினமும் பையில் இருந்த பொருள் இன்று மேஜை டிராயரில் இருக்கிறது.

பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாட்டையே உலுக்கிய கொலை அது. ஆனால் நாகனோ மாநிலத்தில் இகேதா என்ற ஊரின் தொடக்கப்பள்ளி ஒன்று, 1980-களிலிருந்து முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஹிகோனோகாமி கொடுத்து வருகிறது. அங்கே ஆறு வயதுப் பிள்ளைகள் அதில் பென்சில் சீவுகிறார்கள்.

இதை மகளிடம் சொன்னேன். "அது ஜப்பான்ப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தா சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் திண்ணையில் உட்கார்ந்தோம். என் விரல் தழும்பைக் காட்டி, எந்த இடத்தில் தவறு செய்தேன் என்று முதலில் சொன்னேன். பெருவிரலைச் சிகிரியில் வைக்கச் சொன்னேன். கத்தியை இழுக்கக் கூடாது, இடது கைப் பெருவிரலால் அலகின் முதுகைத் தள்ள வேண்டும் என்று காட்டினேன். அவள் நிதானமாகத்தான் சீவினாள். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மகள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சில் கோணலாக, எலி கடித்த மாதிரி வந்தது. முடித்ததும் அவளாகவே அலகைத் துடைத்து, மடக்கி, பிடிப் பக்கமாக என்னிடம் நீட்டினாள்.

கத்தி இப்போது பீரோ மேல் இல்லை, என் மேஜையில் இருக்கிறது. வெளியே போகும்போது எடுத்துப் போவதில்லை. என் பெருவிரலை அவ்வளவு தூரம் நம்ப முடியவில்லை. அடுத்த ஞாயிறு மூங்கில் தும்பி செய்யலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல மூங்கில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.