தூக்கணாங்குருவி: பெயரிலேயே கூடு

மைசூரு மண்டி மொஹல்லாவில் கன்னடம், உருது, தமிழ் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். ஊரோரத்து ஏரிக்கரை மரங்களில் கூடு கட்டும் அந்த மஞ்சள் தலைக் குருவிக்கும் மூன்று பெயர்: கன்னடத்தில் கீஜக, உருதுவில் பயா, தமிழில் தூக்கணாங்குருவி.

பயா என்பதற்கு, நெய்தலைக் குறிக்கும் வடமொழி வேரைக் காட்டுவார்கள். வட இந்தியத் தானிய மண்டிகளில் எடை போடுபவருக்கும் அதே பெயர் உண்டு. அது அரபு வழி வந்த வேறு சொல். தமிழில் தூக்குதலுக்கும் நிறுத்தல் என்ற பொருள் இருக்கிறது, தராசு தூக்குக்கோல். ஆனால் குருவியின் பெயரில் எடைக்கு இடமில்லை. அங்கே இருப்பது தொங்கல்தான்.

குறுந்தொகையின் 374ஆம் பாடலில் இக்குருவி பனையில் கூடு கட்டுகிறது. புறநானூறு 225இல் ஆலத்தூர் கிழார், தொங்கவிட்ட வலம்புரிச் சங்குக்கு அந்தக் கூட்டையே உவமையாக்குகிறார். அன்று தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். பிற்பாடு உறக்கமே முதற்பொருளாகிவிட்டது. அப்பாடல்களில் வரும் குரீஇ இன்று குருவியானது, தூக்கணம் மட்டும் அசையவில்லை.

அறிவியல் பெயருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1766இல் லின்னேயஸ் சூட்டிய பெயரில் பிலிப்பைன்ஸ் ஒட்டிக்கொண்டது. அந்தத் தீவுகளுக்கு உரிய பறவையே அல்ல இது.

களத்திலும் தமிழ்ப் பெயர்தான் கைகொடுக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு மஞ்சள் உச்சி, கரும்பழுப்பு முகம். மார்பில் கோடு கிடையாது. மார்பில் கருங்கோடுகள் இருந்தால் அது கோடுபோட்ட இன்னொரு இனம். அது நீரோரக் கோரைகளில் கட்டும். மற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் சிட்டுக்குருவிப் பெட்டை போலத்தான் தெரியும். அப்போது தடித்த கூம்பு அலகைப் பார்க்க வேண்டும். முள்மரத்திலோ பனையிலோ, நீண்ட குழல்வாயிலோடு கூடு தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

கூட்டைப் பாதி முடித்ததும் ஆண் அதில் தொற்றிச் சிறகடித்துப் பெட்டையை அழைக்கும். பெட்டை உள்ளே போய்ப் பார்த்து ஏற்றால்தான் குழல்வாயில் வளரும். பிறகு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணை தேடும் என்பதைப் பறவையியலாளர் சாலிம் அலி 1931இல் வெளியிட்டார்.

ஆகவே மழைக்காலத்தில் பாதிக் கூடு தொங்கினால், கைவிட்டது என்று எண்ணி அலங்காரத்துக்கு அறுத்து வராதீர்கள். அது பெட்டையின் சம்மதத்துக்குக் காத்திருக்கும் கூடாக இருக்கலாம்.