பணம் முந்தியா, பொருள் முந்தியா?

விற்பவர் ஓர் ஊரிலும் வாங்குபவர் வேறோர் ஊரிலும் இருந்துவிட்டால் வாணிபத்தில் ஒரு பழைய வினா எழுகின்றது. முதலில் பணம் செல்ல வேண்டுமா, பொருள் வர வேண்டுமா? பணம் முந்தினால் வாங்குபவர் ஏமாறக்கூடும். பொருள் முந்தினால் விற்பவர் ஏமாறக்கூடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் சந்தையில் இவ்வினாவுக்கு இடமில்லை. தொலைவு வந்ததும் இதுவும் உடன் வந்துவிடுகின்றது.

தபால்தலை, பழங்காசு, இசைத்தட்டு, பழைய புகைப்படக் கருவி முதலியவற்றைத் திரட்டி மகிழும் அன்பர்களுக்கு இவ்வினா அன்றாடம் எதிர்ப்படுவது. அவர்கள் தேடும் பொருள் கடைத்தெருவில் அடுக்கி வைத்திருப்பதன்று. டில்லியில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் பல்லாண்டாகத் தேடும் இசைத்தட்டு காரைக்குடியில் எவர் வீட்டுப் பரணிலோ கிடக்கும். கல்கத்தாவில் இருப்பவர் விற்க எண்ணும் காசுக்கு உரிய ஆர்வலர் கோயம்புத்தூரில் இருப்பார். இருவரும் முன்பின் அறியாதவர்கள். பொருளோ அரியது, கை தவறிப் போனால் மற்றொன்று கிடைப்பது அரிது. இன்று இணையம் இவர்களை ஒரு நொடியில் சந்திக்க வைக்கின்றது. ஆயினும் பழைய வினாவுக்கு விடை கண்ட பின்னரே பணம் கைமாற வேண்டும். அவ்விடையை நம் நாட்டார் எவ்வாறு தேடினர் என்று பார்ப்பது இன்றைய வழியைத் தேர்வதற்கும் துணைபுரியும்.

நம் நாட்டு வணிகர் கண்ட தொன்மையான கருவி உண்டியல். கோயிலில் காணிக்கை இடும் பெட்டியை மட்டுமே இன்று பலர் இச்சொல்லால் அறிவர். ஆனால் வடநாட்டார் ‘ஹுண்டி’ என்பதும் நாம் உண்டியல் என்பதும் வணிகர் எழுதிக் கொடுத்த பணச் சீட்டே ஆகும். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் பிற நாடுகளிலும் நடத்திய கொடுக்கல் வாங்கலில் உண்டியலுக்குப் பேரிடம் உண்டு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டைப் பெற்றால், மற்றோர் ஊரில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். கண்டவுடன் பணம் தரவேண்டிய உண்டியலைத் ‘தர்சனி’ என்றும், தவணை கழிந்து தரவேண்டியதை ‘முத்ததி’ என்றும் வழங்கினர்.

இவற்றுள் இரண்டு வகைகள் நம் வினாவுக்கு நேரே விடை கூறுவன. ஒன்று ‘ஷா ஜோக்’. சீட்டைக் கொண்டுவரும் எவருக்கும் இதற்குப் பணம் கொடுப்பதில்லை. சந்தையில் நற்பெயர் பெற்ற வணிகரிடமே கொடுக்கப்படும். பெறுபவர் இன்னார் என்று தெளிந்த பின்னரே பணப்பை திறந்தது. மற்றொன்று ‘ஜோக்மி’. சரக்கை அனுப்புபவர், அதைப் பெறவிருப்பவர் மீது இச்சீட்டை எழுதுவார். சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் பணம் கிடைக்கும். வழியில் அழிந்தால் சீட்டை வாங்கி வைத்திருந்தவரே அந்த நஷ்டத்தை ஏற்க வேண்டும். இதனால் அனுப்பியவர்க்கு முன்னதாகவே பணம் கிடைத்தது. பெறுபவர் பொருள் வராமல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆபத்தை விலை பேசி ஏற்க ஒரு மூன்றாமவர் இருந்தார். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறைச் சீட்டுச் சட்டமும் இந்திய மொழிகளில் எழுதப்பட்ட சீட்டுகளைப் பற்றிய உள்ளூர் வழக்காறுகளுக்கு இடம் விட்டே இயற்றப்பட்டது.

உண்டியல் பெருவணிகரின் கருவி. எளிய குடும்பத்தார்க்கு அத்தகைய துணையாக வந்தது தபால் இலாகா. 1877இல் வி.பி.பி. என்னும் முறை இந்நாட்டில் தொடங்கியது. 1880இல் மணியார்டர் தபால் இலாகாவின் பொறுப்பாயிற்று. ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு மணியார்டரைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. பெற்ற தாய்க்குப் பணம் அனுப்புவதில் ஐயத்துக்கு இடமில்லாததால் அது பாதுகாப்பான வழியாய் இருந்தது. முன்பின் அறியாத ஒருவரிடம் பொருள் கேட்டு முன்பணம் அனுப்பியபோதோ, அதே மணியார்டர் வாங்குபவரைக் காக்கவில்லை. ஒரே வழி ஒருவர்க்குக் காவலாகவும் மற்றொருவர்க்குக் கண்ணியாகவும் அமைந்த விந்தை இது.

வி.பி.பி. இக்குறையைப் பெரிதும் போக்கிற்று. தபால்காரர் பொட்டலத்தைக் கொண்டுவருவார். பணத்தைப் பெற்றுக்கொண்டு அதைக் கொடுப்பார். அப்பணத்தைத் தபால் இலாகா மணியார்டராக விற்பவர்க்குச் சேர்க்கும். பஞ்சாங்கமும் புத்தகமும் மருந்தும் கைக்கடிகாரமும் இவ்வழியே சிற்றூர்களை அடைந்தன. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. பணம் கொடுத்த பின்னரே பொட்டலத்தைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது கடிகாரமா, கற்களா என்பது அதன் பின்னரே தெரியும். இதனை அறிந்தே, 1898ஆம் ஆண்டின் தபால் சட்டம், மெய்யாகவே வந்த ஆர்டருக்கே பொருளை அனுப்புவதாக விற்பவர் உறுதி கூற வேண்டும் என்று விதிக்கவும், மோசடி நடந்தால் பணத்தை நிறுத்தி வைத்து வாங்கியவர்க்குத் திருப்பித் தரவும் வழி வகுத்தது.

தபால்தலை திரட்டுவோர் தமக்குள் வேறொரு வழியும் கண்டனர். 1852இல் சிந்து மாகாணத்தில் ஆசியாவின் முதல் தபால்தலைகள் வெளிவந்தன. 1854இல் நாடு முழுமைக்கும் தபால்தலைகள் வந்தன. 1897இல் இந்தியத் தபால்தலைச் சங்கம் தோன்றியது. விற்பவர் சிறு ஏட்டில் தலைகளை ஒட்டி, விலை குறித்து அனுப்புவதும், வாங்குபவர் வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பணத்துடன் திருப்புவதும் இக்கலையில் உலகெங்கும் பரவிய வழக்கம். இங்கே பொருளே முந்தியது. சங்கத்தில் பெயர் கெட்டவர்க்கு மறுமுறை ஏடு வராது; அந்த அச்சமே பிணையாய் நின்றது.

இணையம் வந்தபின் இவையெல்லாம் புதிய உருவில் திரும்பின. 2004இல் இந்தியாவில் கால்வைத்த ஈபே நிறுவனம், காசும் தபால்தலையும் திரட்டுவோர்க்குப் பெரிய சந்தையாக விளங்கியது. அதன் பைசாபே முறையில், வாங்குபவர் செலுத்திய பணம் நேரே விற்பவரிடம் செல்லாமல் இடையில் தங்கிப் பின்னரே சென்றது. அச்சந்தை 2018இல் மூடப்பட்டது. 2010இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம், பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது; இது வி.பி.பி.யின் பேரன் எனலாம். 2020இல் ரிசர்வ் வங்கி, வணிகர்க்காகப் பணம் வசூலிக்கும் இடைநிறுவனங்கள் அப்பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் காக்க வேண்டும் என்று நெறி வகுத்தது.

2016இல் யு.பி.ஐ. வந்தது. அது நொடிப்பொழுதில் பணத்தைக் கொண்டு சேர்ப்பது. வேகத்தில் அதற்கு இணையில்லை. ஆனால் அதன் இயல்பு மணியார்டரின் இயல்பேயாகும். நாமே இரகசிய எண்ணை இட்டு அனுப்பிய பணத்தை நாமே திரும்ப அழைத்துக்கொள்ள இயலாது. இடையில் பணத்தைத் தாங்கி நிற்பவர் எவருமிலர்.

மோசக்காரர் இந்த இடைவெளியிலேயே புகுகின்றனர். பொருளை வாங்குவதாகச் சொல்லி, “பணம் பெற இந்தக் கியூ.ஆர். கட்டத்தைப் படம் பிடித்து இரகசிய எண்ணை இடுங்கள்” என்பர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். மற்றொரு வஞ்சகம் பழங்காசு வைத்திருப்போரைக் குறிவைப்பது. பழைய நோட்டுக்கு இலட்சக் கணக்கில் விலை பேசி, அதற்கு வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்பர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் இதற்குப் பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய கட்டணம் எதையும் தான் கேட்பதில்லை என்றும் அறிவித்தது.

ஆகவே வழியைத் தேர்வது எவ்வாறு? எதிரில் இருப்பவர் அறியாதவரானால், பொருள் சேரும்வரை பணத்தைத் தாங்கும் இடைநிறுவனத்தின் வழியே வாங்குவதே நன்று. அவ்விடத்தை விட்டு வெளியே வந்து நேரே பணம் அனுப்பினால் விலை குறையும் என்று ஆசை காட்டுவோர், நமக்குள்ள காவலையே விலக்கச் சொல்கின்றனர் என்று உணர வேண்டும். பொருளைப் பெற்றுப் பணம் தருவதாயின், பிரித்துப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டறிக. யு.பி.ஐ. வழியே நேரே அனுப்புவது, பழகியவரிடமும் சிறு தொகைக்கும் பொருந்தும். அப்போதும் திரையில் தோன்றும் பெயர் உரியவருடையதா என்று, ஷா ஜோக் வணிகரைப் போல, ஒருமுறை பார்த்துக்கொள்க. விற்பவர்க்கும் ஒரு சொல்: பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாமல், சொந்தக் கணக்கில் தொகை ஏறியதா என்று கண்ட பின்னரே பொருளை அனுப்புக, அனுப்பிய இரசீதையும் பொருளின் படத்தையும் பாதுகாத்து வைக்க.

இத்தனை காவலையும் மீறி ஏமாற்றம் நேர்ந்தால், வெட்கி மௌனமாய் இருத்தல் கூடாது. உடனே வங்கிக்கும், 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கும் தெரிவித்தால், பணம் பல கைகள் மாறுமுன் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஒவ்வொரு நாழிகைத் தாமதமும் மோசக்காரர்க்கே ஆதாயம்.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். காசு தொலைவைக் கடக்க நம் முன்னோர் பல வழிகள் கண்டனர். நேர்மை தன்னந்தனியே தொலைவைக் கடக்கும் என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை. அதற்குத் துணையாக உண்டியல்காரரையும் தபால்காரரையும் நடுவில் நிறுத்தினர். கைபேசி வந்த காலத்திலும் அந்த நடுவர் நமக்கு வேண்டியவரே.