சங்குச் சத்தமும் தக்காளிக் கடிகாரமும்

போன வாரம் என் பொண்ணு ஒரு தக்காளியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். நிஜத் தக்காளி இல்லீங்க. திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி மணி அடிக்கிற பிளாஸ்டிக் தக்காளி. "25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ரெஸ்ட். அப்பதான் கவனம் சிதறாதுப்பா. நீங்க காலையில உட்கார்ந்தா எழுந்திரிக்கறதே இல்ல" என்றாள். பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த வழியாம். பொமோடோரோ என்றால் அவர்கள் மொழியில் தக்காளி.

ஆபீஸில் ஆணி அதிகம்தான். ஆனால் அந்த மணி அடித்ததும் எனக்குக் கேட்டது வேற சத்தம். மைசூர் மைன்ஸ் சங்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

கோலார் தங்க வயலில் 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி காலை வைத்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஜனங்கள் மூட்டையோடு வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். எங்க முப்பாட்டனும் அப்படி வந்தவர்தான். ஊரில் அவர்களுக்குச் சூரியன்தான் கடிகாரம். இங்கே பூமிக்கடியில் சூரியனே கிடையாது. அதனால் சங்குதான் பொழுது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு விளக்கு எரிவதற்கு மூணு வருஷம் முன்னாடியே. அப்புறம் ராத்திரி, பகல் என்ற கணக்கு இன்னும் மங்கிப்போச்சு.

வேலையையும் ஓய்வையும் பிரித்தது மனுஷன் மட்டுமில்லை, பாறையும்தான். துளை போடணும், மருந்து வைக்கணும், எல்லோரும் விலகி நின்று வெடிக்கணும். புகை அடங்குகிறவரை கிட்டே போகக்கூடாது. "அவசரப்பட்டவன் மூச்சு அங்கயே நின்னுடும்" என்பார் தாத்தா. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 1930களிலேயே காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பும் இயந்திரம் வைக்கவேண்டி வந்தது. அங்கே இளைப்பாறுவது கவனத்துக்காக இல்லை, உயிரோடு மேலே வருவதற்காக.

அந்த நேரக் கணக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1930-ல் கைரேகை பதியச் சொன்னபோது, "நாங்க என்ன திருடங்களா?" என்று ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. (இப்போ நான் தினமும் விரலை வைத்துத்தான் ஆபீஸ் கதவைத் திறக்கிறேன், மறுபேச்சில்லாமல்!) நாடு விடுதலையான பிறகு, 1952 சுரங்கச் சட்டம் பூமிக்கடியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கோடு போட்டது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் கட்டாயம்.

இந்த ஷிப்ட் கணக்கை எங்க வீட்டில் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஆயா. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே லைன் வீடுகள்கூட அதிரும். அலமாரிப் பாத்திரம் கிணுகிணுக்கும். ஆயா முதலில் பார்ப்பது கடிகாரத்தை. தாத்தா கீழே இருக்கிற நேரமா, ஏறி வந்திருப்பாரா? கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் மூச்சு விடுவார்.

ஆனால் சட்டம் நேரத்தைத்தான் அளந்தது. தூசியை யார் அளந்தது? 1940களில் அங்கே நடந்த மருத்துவ ஆய்வில், சோதித்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் நோய். அடுத்த தலைமுறையில் சுரங்கத்துக்குள் இறங்கிய தாத்தாவும் தப்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கடைத்தெருவுக்குப் போகும்போது இருபது அடிக்கு ஒருதரம் நிற்பார். சின்ன வயதில் எனக்கு அது அலுப்பாக இருக்கும், கையைப் பிடித்து இழுப்பேன். "இருடா, ஷிப்ட் மாறட்டும்" என்று சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன்.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதன் பிறகு அந்த ஜனங்களின் நேரத்தை மாரிக்குப்பம் ஸ்டேஷன் ரயில்தான் தீர்மானித்தது. விடியுமுன்னே பெங்களூருக்குக் கிளம்பி, இருட்டின பிறகு வீடு திரும்புகிற பிழைப்பு. என்னைப் போல சிலர் இன்னும் தூரமாகப் போய்விட்டோம்.

இதையெல்லாம் பொண்ணிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தாத்தா நிப்பாரே, அந்த ஒவ்வொரு ரெஸ்ட்டும் எத்தனை நிமிஷம்?" என்றாள். நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

தக்காளி மறுபடி மணி அடித்தது. இந்த முறை எழுந்துவிட்டேன். நமக்கு ஓய்வு என்பது ஒரு பொத்தான். அதற்குப் பின்னால் யார் யாருடைய மூச்சு இருக்கிறது என்று உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருதரம் சொல்லிவையுங்கள்.