பொருநைக் கரையில் இலக்கணமும் எழுத்துப் பயிற்சியும்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் பொருநையாறு நீளத்தால் சிறியது. ஆயினும் தமிழ் இலக்கண வரலாற்றில் அதன் கரைகள் பெற்றுள்ள இடம் பெரிது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு நுண்ணுரை கண்ட சேனாவரையர், ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த ஆற்றூரினர் என்று அறிஞர் கொள்வர். பிரயோக விவேகம் இயற்றிய சுப்பிரமணிய தீட்சிதர் ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்தவர். நன்னூலுக்கு விருத்தியுரை வகுத்த சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிப் புலவர். அவ்வுரையைத் திருத்திச் செப்பஞ்செய்த சிவஞான முனிவர் (மறைவு 1785) மலையடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்.

இத்துணை இலக்கண ஆசிரியர்களை ஈன்ற நிலத்தில், இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் புணர்ச்சி விதிகளை ஒப்பிக்கிறான். ஆனால் தன் ஊரைப் பற்றிப் பத்து வரி பிழையின்றி எழுதுமாறு கேட்டால் தயங்கி நிற்கிறான். இலக்கணம் அறிந்தவன் எழுத அறியாதிருப்பது ஏன்? விடையைத் தேடுமுன் இவ்வாற்றங்கரையில் இலக்கணம் எவ்வெவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, திண்ணைப் பள்ளி. மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் பின்னர் ஓலைக்கு வந்தான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு ஆகியவை மனப்பாடமாயின. தொடர்ந்து பயில விரும்பியவன் நன்னூலுக்குச் சென்றான். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் மணல் எழுத்தும் சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியாரைக் கவர்ந்தன. அவர் 1797ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது. திண்ணைப் பள்ளியின் வலிமை நினைவாற்றல். அதன் மெலிவு, கற்றவன் உரைநடையில் சொந்தமாக எழுதும் வாய்ப்பு அங்கு அரிதாயிருந்தமை.

இரண்டாவது, மத்ரஸா. சேனாவரையர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றூருக்கு அணித்தே இருந்த காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. மார்க்கோ போலோ அத்துறையின் வளத்தைப் பதிந்துள்ளார். அதே காலத்தில் திமிஷ்கில் இப்னு மாலிக் (மறைவு 1274) அரபு இலக்கணத்தை ஆயிரம் ஈரடிகளில் அல்ஃபிய்யாவாகப் பாடி முடித்திருந்தார். அடுத்த தலைமுறையில் மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் (மறைவு 1323) தொடக்க மாணவருக்கெனச் சிறு நூலொன்று யாத்தார். ஷாஃபிஈ மத்ஹபு வழங்கும் நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் இவ்விரு நூல்களும் நெடுங்காலமாக ஓதப்பட்டு வந்துள்ளன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. நன்னூல் பாயிரம் நீங்கலாக எழுத்திலிருந்து தொடங்குகிறது. ஆஜுர்ரூமிய்யாவோ முதல் வரியிலேயே பொருள் நிரம்பிய கூற்று யாது என்று வரையறுத்து, அதன் உறுப்புகளாகப் பெயர், வினை, இடைச்சொல் ஆகியவற்றைக் காட்டுகிறது. ஒன்று எழுத்திலிருந்து மேலே ஏறும் படி. மற்றொன்று தொடரிலிருந்து கீழே இறங்கும் படி. சொல்வடிவ மாற்றங்களை ஸர்ஃபு என்னும் கலையில் பயின்ற மாணவனிடம், நஹ்வு வகுப்பில் ஆசிரியர் 'ளரப ஸைதுன் அம்ரன்' (ஸைது அம்ரை அடித்தான்) என்னும் தொடரைத் தந்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அவ்வீறு பெற்றது என வினவுவார். ஸைது வினைமுதல், ஆதலின் உகர ஈறு. அம்ரு செயப்படுபொருள், ஆதலின் அகர ஈறு. இப்பகுப்பாய்வே இஃராப் எனப்படும். காரணம் கூறாமல் எந்தச் சொல்லையும் கடந்து செல்ல மாணவனுக்கு அங்கு இசைவில்லை.

மூன்றாவது, அச்சேறிய பாடநூலின் பள்ளி. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் அங்கேயே மறைந்த ரேனியஸ், திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்றவர். அவர் பள்ளிகள் பலவற்றை நிறுவினார். பூமி சாஸ்திரம் என்னும் நூலைத் தமிழில் எழுதினார். 1830களில் வெளியிட்ட தம் இலக்கண நூலில் எழுத்து, சொல் ஆகியவற்றோடு தொடரமைப்புக்கும் தனிப்பகுதி ஒதுக்கினார். 1840களில் சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப், பள்ளிப் பிள்ளைகளுக்கென வினா-விடை முறையில் இலக்கண நூல்கள் எழுதினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இலக்கண வினா விடை, இலக்கணச் சுருக்கம் ஆகியவற்றை உரைநடையில் தந்தார். சூத்திரம் கண்டு மிரண்ட சிறுவனுக்கு இவை பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் வினா-விடை முறை தேர்வுக் கூடத்தினுள் நுழைந்தபின், இலக்கணம் எழுதுவதற்குரிய கருவி என்னும் நிலையிலிருந்து மதிப்பெண்ணுக்குரிய விடை என்னும் நிலைக்கு இறங்கிற்று.

இம்மூன்று வகுப்பறைகளும் ஒரே ஆற்றின் கரையில், சில கல் தொலைவில் இருந்தன. ஆயினும் ஒன்றன் நன்மை மற்றொன்றை எட்டவில்லை. இதன் இழப்பை நம் சமுதாயமே மிகுதியாக உணர்ந்தது. 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (மறைவு 1898), சட்டதிட்டங்களைப் பாமரரும் உணருமாறு ஃபத்ஹுத் தய்யான் என்னும் நூலை அரபுத் தமிழில் எழுதினார். எ, ஒ ஆகியவற்றுக்கும் ட, ள போன்ற ஒலிகளுக்கும் அரபு எழுத்தில் புதுக்குறிகள் அமைத்து, நம் முன்னோர் தமிழ் உரைநடையை வளர்த்தனர். ஆனால் அந்த எழுத்தில் வாசிக்கவும் எழுதவும் வல்ல தாய்மார்கள், தமிழ் எழுத்துப் பள்ளியின் வாயிலில் எழுத்தறியாதவராகவே நின்றனர். மத்ரஸாவில் இஃராப் சொன்ன சிறுவனிடம், அதே கேள்வியைத் தமிழ்த் தொடரிலும் கேட்கலாம் என்று கூறுவார் இருந்திலர்.

உண்மையில் தமிழ் மரபிலும் அக்கேள்வி உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் திணை, பால், எண் ஆகியவற்றின் இயைபையே பேசுகிறது. சேனாவரையர் உரை அதனைச் சொல் சொல்லாகத் துருவி ஆராய்கிறது. 'பறவைகள் பறந்தது', 'நானும் தம்பியும் சென்றேன்', 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று இன்றைய விடைத்தாள்களில் மலிந்துள்ள பிழைகள் யாவும் அவ்வியலின் எல்லைக்குள் அடங்குவனவே.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. 'நான் வகுப்பறைக்குள் நுழைந்து, ஆசிரியர் என்னைக் கடிந்துகொண்டார்' என்று ஒரு மாணவி எழுதுகிறாள். செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலைக் கொண்டே முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் உள்ள விதி. நுழைந்தவள் அவள், கடிந்தவர் ஆசிரியர், ஆதலின் தொடர் இடறுகிறது. 'நான் வகுப்பறைக்குள் நுழைந்ததும்' என மாற்றின் சீராகும். 'மழை பெய்து நெல் விளைந்தது' என விதிவிலக்கும் உண்டே என்று அவள் வினவுவாளாயின், அதனினும் நற்பேறு ஆசிரியருக்கு இல்லை. விதியை முதலில் ஒப்பித்து, பின்னர் மறப்பதற்கும், தான் எழுதிய தொடரே இடறியபோது விதியைத் தேடிக் காண்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

தொடர் திருந்தினால் மட்டும் கட்டுரை பிறந்துவிடாது. அதற்கும் முன்னோர் வழி காட்டியுள்ளனர். காயல்பட்டினத்தில் தோன்றிய சதக்கத்துல்லாஹ் அப்பா, அரபுக் கவிதையின் ஈரடிகளோடு தாமே மூன்றடிகள் இயற்றிச் சேர்க்கும் தக்மீஸ் என்னும் வகையில், வித்ரிய்யாவை ஐந்தடிப் பாடல்களாக விரித்தார். அவ்வூர்க் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தை ஏற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். சிறந்த முன்மாதிரி ஒன்றை உட்கொண்டு, அதன் கட்டுக்கோப்பினுள் தன் கருத்தைத் தன் சொல்லால் நிறைக்கும் பயிற்சி இது. நல்லதொரு பத்தியை வாசித்து, அதன் வாக்கிய ஒழுங்கைப் பின்பற்றித் தன் தெருவைப் பற்றி எழுதுமாறு எட்டாம் வகுப்பு மாணவனைப் பணித்தால், அதுவும் அம்மரபின் தொடர்ச்சியே. படியெடுத்த ஏட்டை ஆசிரியர் முன் உரக்க வாசித்து ஓரத்தில் திருத்தம் குறிக்கும் முகாபலா என்னும் ஒப்புநோக்கு முறையும் நம்முடையதே. எழுதியதை மீண்டும் வாசித்துத் திருத்தும் பழக்கம் அங்கிருந்தே கற்கத்தக்கது.

ஆகவே ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் எழுவாய்-பயனிலை இயைபும் வேற்றுமையும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எச்சங்களும் தொடர்களை இணைத்துப் பத்தியாக்கும் முறையும் மாணவரின் சொந்த எழுத்திலிருந்தே தொடங்கப்படல் வேண்டும். நாள்தோறும் ஐந்து தொடர். அவற்றுள் ஒன்றற்குக் கரும்பலகையில் காரணம் கேட்டல். வார இறுதியில் ஒரு பத்தியை உரக்க வாசித்துத் திருத்தல். இதற்குப் பெரும்பொருட் செலவில்லை. தமிழகத்தில் 2018இல் மேல்நிலை வகுப்புகளுக்கும் 2019இல் பத்தாம் வகுப்புக்கும் மொழிப்பாடத்தின் இரு தாள்களை ஒன்றாக்க ஆணையிடப்பட்டது. இலக்கணத்திற்கும் கட்டுரைக்கும் பெரிதும் இடமளித்த இரண்டாம் தாள் தனித்து நில்லாத இக்காலத்தில், அப்பயிற்சியை வகுப்பறையே தாங்கியாக வேண்டும்.

மத்ரஸாவிலும் பள்ளியிலும் ஒருசேரப் பயிலும் பிள்ளைகள் நம்மிடையே உளர். காலையில் 'இச்சொல் ஏன் இவ்வீறு பெற்றது' என்று அரபில் விடை கூறும் சிறுவன், நண்பகலில் அதே கேள்வியைத் தன் தமிழ்த் தொடரிடம் கேட்கக் கற்றால், நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்ற வகுப்பறைகள் அவன் ஏட்டில் ஒன்றுகூடும். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாயொருத்தியின் மகள், தன் தெருவின் குடிநீர்க் குறையைப் பிறர் கையை நாடாமல் மாநகராட்சிக்குத் தெளிந்த தமிழில் தானே எழுதி அனுப்புவாளாயின், இலக்கணம் கற்பித்ததன் பயன் அதுவே.